இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 16 வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆகஸ்டில் நார்வே போகிறாள். ட்ரொண்ட்ஹைம் பக்கம் ஒரு குடும்பத்தோடு ஓராண்டு தங்கி அங்குள்ள பள்ளியில் படிப்பாள். அந்த ஊர்க்காரர்கள் ஒட்டாத மனிதர்கள் என்கிறார்களே, "சாப்பிட்டியா" என்று கேட்க ஆள் இருக்குமா? குளிர், இருட்டு வேறு. எட்டு கிலோ பொடியும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறோம். அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? அங்கே படித்தவர் நீங்கள், சொல்லுங்கள்.

சு., ஈரோடு

அன்புள்ள சு.,

குளிருக்குக் கம்பளி உள்ளாடை போதும். அதையும் அங்கே போய் வாங்கட்டும், ஈரோட்டு ஸ்வெட்டர் எடுபடாது. டிசம்பரில் காலை பத்துக்கு விடிந்து மதியம் இரண்டரைக்கு இருட்டிவிடும். பழகிவிடும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கேட்க ஆள் இருக்கும். ஒரே ஒரு முறை கேட்பார்கள்.

முதுகலை படிக்கப் போனபோது நானும் அந்த ஊரில் ஒரு குடும்பத்தோடுதான் இருந்தேன். மாலை ஐந்து மணிக்கே பெரிய சாப்பாடு: வேகவைத்த உருளைக்கிழங்கு, மீன், கேரட். முதல் நாள் அந்த வீட்டு அம்மா பாத்திரத்தை நீட்டி "இன்னும் கொஞ்சம்?" என்றார். எனக்கு நல்ல பசி. ஆனால் வளர்ந்த வளர்ப்பு அப்படி, "போதும்" என்றேன். நம் வீட்டில் அடுத்து என்ன நடக்கும்? "அட, இது ஒரு சாப்பாடா" என்று கரண்டி தட்டுக்கு வந்துவிடும். அங்கே பாத்திரம் அடுத்தவரிடம் போய்விட்டது. அன்று ராத்திரி காலி வயிற்றோடு படுத்து, என்ன ஜனங்களோ என்று திட்டித் தீர்த்தேன்.

அந்த வீட்டுப் பையனுக்கு 10 வயது. காலையில் பள்ளிக்கு மதியச் சாப்பாட்டை அவனேதான் கட்டுவான். ரொட்டித் துண்டு, அதன்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி ஒரு ஏடு, ஒட்டாமலிருக்க ஒரு தாள், மறுபடி ரொட்டி. "ஆப்பிள் வைக்கட்டுமா?" என்பார் அம்மா. "வேண்டாம்." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பத்து வயதுப் பையன் சொன்ன வேண்டாம் ஒரு வீட்டில் செல்லுபடியாவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த நாட்டுச் சட்டமும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. உலகிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று ஒரு குறைதீர்ப்பாளரை 1981இல் நியமித்தவர்கள் அவர்கள். நான் இருந்த காலத்துச் சட்டப்படி, 7 வயதுப் பிள்ளையின் சொந்த விஷயத்தில் முடிவெடுக்குமுன் அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். 12 வயதில் அந்தக் கருத்துக்குக் கனம் அதிகம். 15 வயதில் என்ன படிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.

உபசாரத்தை நான் பழிக்கவில்லை. அம்மா கையால் நாலாவது தோசையைத் திட்டிக்கொண்டே தின்று வளர்ந்த உடம்புதான் இதுவும். ஆனால் தோசையோடு அந்தக் கை நிற்பதில்லையே. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதையும், நாலைந்து வருடம் கழித்து எந்த மாப்பிள்ளை என்பதையும் அதே கைதான் வைக்கிறது. பெண் வேண்டாம் என்றால் வெட்கம், அழுதால் பாசம், பேசாமலிருந்தால் சம்மதம். அவள் என்ன சொன்னால்தான் நமக்குக் காது கேட்கும்?

உங்கள் கடிதத்தில் "வேண்டாம் வேண்டாம் என்கிறாள்" என்றிருக்கிறது. இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள் தம்பி, உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். ஓராண்டு முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் இருக்கத் துணிந்த பெண்ணுக்கு எலுமிச்சை ஊறுகாய் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாதா?

மகளை அனுப்பிவிட்டு அழப்போகும் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் அழலாம், தப்பில்லை. அதற்குள் அவளுக்கு ஒன்றைப் பழக்கிவிடுங்கள்: பசித்தால் முதல் தடவையே "வேண்டும்" என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதுவும் வராது.

பி.கு.: அவள் சைவம் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதட்டும். அப்புறம், பல வீடுகளில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான். எட்டு கிலோவைப் பிரித்துவிட்டு அரை கிலோ எள்ளுருண்டை வைக்கலாம். அவளைக் கேட்டுவிட்டு.