மாத்திரை விலையும் காப்புரிமையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

காப்புரிமை, அதாவது பேட்டன்ட் பற்றி வந்த கேள்விகளில் மருந்து தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் காப்புரிமை முகவராக இருப்பவன் நான். பல வருடங்களாகப் பார்த்துவருவது இந்தத் துறைதான்.

கல்லூரி மாணவி, திருச்சி: கண்டுபிடித்தவருக்குக் கொடுக்கிற பரிசுதானே காப்புரிமை? இதில் வல்லரசு அரசியல் எங்கே வருகிறது, சார்?

பரிசு என்பதைவிடப் பேரம் என்று சொல்லலாம். கண்டுபிடித்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால், 20 வருடம் வேறு யாரும் அதைச் செய்து விற்காமல் தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. சரி, அந்தப் பேரத்தின் நிபந்தனைகளை எழுதியது யார்? ஜெர்மனி 1968 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. ஸ்விட்சர்லாந்து 1977 வரை, இத்தாலி 1978 வரை தரவில்லை. அவர்களுடைய கம்பெனிகள் வளர்கிறவரை கதவு திறந்திருந்தது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்ததும், காப்புரிமை போன்றவற்றுக்குப் பொது விதி வைக்கும் டிரிப்ஸ் ஒப்பந்தத்தையும் ஏற்றால்தான் உள்ளே இடம் என்றார்கள். துணியும் அரிசியும் விற்கச் சந்தை வேண்டுமானால் மருந்துக்கும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும். ஏழை நாடுகளுக்கு அங்கே பேச வாய் இருந்தது, மறுக்கும் பலம் இல்லை.

மருந்துக்கடைக்காரர், ஈரோடு: நம் நாட்டில் மட்டும் பல மருந்துகள் மலிவாகக் கிடைப்பது எப்படி?

நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றை வைத்து இங்கே உற்பத்தியே நடக்காததையும் அவர் எடுத்துக்காட்டினார். அதை ஒட்டி வந்த 1970 சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. அதே மருந்தை வேறு வழியில் செய்யத் தெரிந்தவர்கள் செய்து விற்றார்கள். எய்ட்ஸ் மருந்துக்கு ஒரு நோயாளிக்கு வருடம் 10,000 டாலருக்கு மேல் ஆன காலத்தில், 2001இல் சிப்லா என்ற இந்திய மருந்துக் கம்பெனி 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேர் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பழைய சட்டமும் ஒரு காரணம். டிரிப்ஸ் கெடுப்படி 2005இல் பொருள் காப்புரிமை திரும்ப வந்துவிட்டது.

நோயாளியின் மகன், கோவை: அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். இமாடினிப் சாப்பிடுகிறார். இதற்குப் பெரிய வழக்கு நடந்ததாமே?

தம்பி, அப்பா கையில் இருக்கிற அந்த மாத்திரைக்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது, அதுவும் நம் சென்னையில் தொடங்கி.

நோவார்டிஸ் என்ற ஸ்விட்சர்லாந்து கம்பெனி இமாடினிபின் ஒரு படிக வடிவத்துக்கு, பீட்டா வடிவம் என்பார்கள், 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அதற்கு அவர்கள் சொன்ன சிறப்புகளைப் பாருங்கள்: தூள் நன்றாக வழிந்தோடும், ஈரம் குறைவாக இழுக்கும், நிலையாக இருக்கும். மாத்திரை அச்சில் தூள் அடைக்காமல் ஓடுவது தொழிற்சாலைக்குப் பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் நோயாளியின் ரத்தத்துக்குள் போன பிறகு அதனால் என்ன கூடுதல் குணம்? அதைத்தான் நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்கிறது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், பலனும் கூட வேண்டும்.

புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும், அதே மருந்தை மலிவாகச் செய்து விற்கும் ஜெனரிக் கம்பெனிகளும் எதிர்த்தன. 2006இல் விண்ணப்பம் தள்ளுபடி. பிறகு 3(டி) பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதை ஏற்கவில்லை. டிரிப்ஸ் மீறல் என்றால் அதை உலக வர்த்தக அமைப்பில் போய்க் கேளுங்கள் என்றது. அங்கே கம்பெனி போக முடியாது, நாடுதான் போக முடியும். ஸ்விட்சர்லாந்து போகவில்லை. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. கம்பெனி மருந்து மாதம் 1,20,000 ரூபாய் அளவில் இருந்தபோது, ஜெனரிக் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. இந்த இடைவெளியில்தான் உங்கள் குடும்பம் மாதிரி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிற்கின்றன.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: மஞ்சளுக்கே அமெரிக்கா காப்புரிமை வாங்கிவிட்டது என்கிறார்களே?

மஞ்சளுக்கே இல்லை, மஞ்சள் தூளால் காயம் ஆற்றுவதற்கு. 1995இல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்தது, 1997இல் ரத்தானது.

பொறியாளர், ஓசூர்: ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகச் செலவழிக்கிறார்கள். லாபம் இல்லாவிட்டால் புது மருந்து எப்படி வரும்?

நியாயமான கேள்வி. காப்புரிமையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் பிழைப்பே அதில்தான். ஆனால் எந்த விலையும் வைக்கலாம் என்பதை ஏற்க மாட்டேன். பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்தான நெக்சவர் இங்கே ஒரு காலத்தில் மாதம் 2,80,428 ரூபாயாக இருந்தது. அந்த விலைக்கு வாங்க முடிந்தவர்கள் மிகச் சிலர்தான். 2012 மார்ச்சில் நாட்கோ என்ற இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே செய்து விற்கும் அனுமதி, கொடுத்தார்கள், விலை 8,880 ரூபாய் ஆனது. பேயருக்கு 6 சதவீத ராயல்டியும் போனது, பிறகு அதை 7 ஆக்கினார்கள். கட்டாய உரிமம் டிரிப்ஸே அனுமதித்த வழிதான். அப்படியும் இங்கே மறுபடி ஒன்று கொடுக்கப்படவில்லை. காப்புரிமை விஷயத்தில் தனக்குத் திருப்தியில்லாத நாடுகள் என்று அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வருடாவருடம் வெளியிடும் கண்காணிப்புப் பட்டியலில் இந்தியா இருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. சட்டத்தில் இருக்கிற உரிமையைக்கூட எடுத்துப் பயன்படுத்தத் தயங்குகிறோம்.

செவிலியர், மதுரை: எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும், சார்?

காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே எதிர்க்க முடியும். எந்த நபரும் எதிர்க்கலாம் என்றே 25ஆம் பிரிவு சொல்கிறது. காசநோய் மருந்து பெடாகுயிலின் மீதான உரிமையை ஜான்சன் அண்ட் ஜான்சன் 2027 வரை நீட்டிக்கப் பார்த்தது. அதை எதிர்த்தவர்களில் இரண்டு பேர் காசநோயிலிருந்து மீண்ட பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. பழைய மருந்துகளால் இருவரும் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு இந்த எதிர்ப்புக்குக் கட்டணம் உண்டு, எடுத்துக்கொள்ளலாமா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்வார். முன்பு கட்டணம் இல்லை. இந்த மாற்றம் சாதாரண மக்களுக்குப் பாதகம் என்பது என் கருத்து. இருந்தாலும் வழி அடைபடவில்லை. காப்புரிமை இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் இலவசமாக வருகிறது. உங்கள் சங்கத்தில் நாலு பேர் படிக்கத் தயார் என்றால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வந்து, விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்தை முதலில் திறப்பது என்பதிலிருந்து உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.