வீட்டு டிரம் செட்டில் சாம்பிள் எடுப்பது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்த என் மாமாவின் பழைய டிரம் செட் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதன் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து (சாம்பிள் என்பார்களே, அதுதான்), கணினியில் பாட்டு அமைக்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஆசை. என்னிடம் இரண்டு மைக்கும், இரண்டு மைக் மட்டுமே சொருகக்கூடிய ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருக்கின்றன. போதுமா? – வாசகர், செந்தூல்

பதில்: தாராளமாகப் போதும் தம்பி. டிரம்மர் உட்கார்ந்து முழுப் பாட்டையும் வாசித்தால்தான் எட்டு மைக், பத்து மைக் என்று தேவைப்படும், எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது அல்லவா. நீங்கள் எடுக்கப்போவது ஒரு நேரத்தில் ஒரே ஓர் அடி. அதனால் ஒரு மைக்கை செட்டுக்கு மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டு, கடைசி அடி வரைக்கும் அதைத் தொடாதீர்கள். மற்ற மைக்கை கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (அடித்தோலில் கம்பி உரசும் டிரம்), டாம் (கம்பி இல்லாத டிரம்) என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டுபோய் வையுங்கள். மேல் மைக் அசையாமல் இருந்தால்தான், தனித்தனியாக எடுத்தாலும் எல்லாம் ஒரே அறையில் ஒரே செட்டிலிருந்து வந்த மாதிரி கேட்கும்.

கையில் கொஞ்சம் வெள்ளி இருந்தால் மைக்குக்குச் செலவழிக்காமல் தோலுக்குச் செலவழியுங்கள். பல வருடம் கிடந்த ஸ்னேரின் மேல்தோல் குழிவிழுந்து செத்துப்போயிருக்கும், எவ்வளவு விலையுயர்ந்த மைக் வைத்தாலும் அது எழாது. தோலை மாற்றி, சுற்றியுள்ள திருகுகள் ஒவ்வொன்றின் அருகிலும் தட்டிப் பார்த்து ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். டாம் எடுக்கும்போது ஸ்னேரின் அடிக்கம்பியைத் தளர்த்தி விடுங்கள். இல்லாவிட்டால் டாமின் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கம்பியின் சிலிர்ப்பு சேர்ந்து பதிவாகிவிடும், பிறகு பிரித்தெடுக்க வழியே கிடையாது.

அப்புறம், நேரம். வரிசை வீடு என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது, முதலில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்குவதற்கு முன், அதுதான் கோலாலம்பூரில் நல்ல நேரம். மின்விசிறி, ஏர்கோன், பக்கத்தறையில் இருந்தாலும் ஃபிரிட்ஜ், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரு சிம்பலின் ரீங்காரம் அடங்க பத்து வினாடிக்கு மேலும் ஆகும், அதன் கடைசி இழையில் ஏர்கோன் சத்தம் கேட்டால் அந்தச் சாம்பிள் வீண்.

கெயினை, அதாவது மைக் ஒலியை இன்டர்ஃபேஸ் எவ்வளவு ஏற்றுகிறது என்பதை, எப்படி வைப்பது என்றால், முதலில் உங்களால் முடிந்த அளவு பலமாக அடித்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அளவில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிரம் முடியும்வரை அதை மாற்றக்கூடாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் மெதுவான அடியும் இரைச்சலில் மூழ்காது. பிறகு விரல் நுனியால் தொடுவதுபோன்ற அடியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். மெதுவான அடிகளைத்தான் அதிகமாக எடுக்க வேண்டும், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். பலமான அடியின் ஒலியளவைக் குறைத்தால் மெதுவான அடி கிடைக்காது. மெதுவாகத் தட்டும்போது தோலின் மேல்சுரங்கள் குறைவு, கம்பியின் சலசலப்பு அதிகம், அது வேறு ஒலி. இலவசமாகக் கிடைக்கும் பல செட்டுகளில் இடிபோல அடித்தவை நிறைய இருக்கும், இந்த மெல்லிய தட்டுகள் இருக்காது. உங்கள் மாமாவின் கை இன்னும் ஓடுமென்றால் அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, நானே எடுத்த சாம்பிளை வைத்து ஹைஹேட்டை (மிதியடியால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) வேகமாக வாசித்தால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கிறது. திறந்த ஹைஹேட்டும் மூடியதும் ஒன்றின்மேல் ஒன்று ஒலிக்கின்றன. அடிகளும் சற்றுத் தாமதமாக விழுகின்றன. – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு அம்மா. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலிப்பதால்தான் அந்தத் துப்பாக்கி ஓசை. மனிதக் கை ஒரே அடியை இரண்டு தடவை அடிப்பதே இல்லை. ஒவ்வொரு பலத்திலும் குறைந்தது நான்கு அடி எடுத்து, மென்பொருள் அவற்றை மாற்றி மாற்றி எடுக்கும்படி அமையுங்கள், ரவுண்ட் ராபின் என்பது இதுதான். இரண்டாவதற்கு, மூடிய அடியும் மிதியடி அடியும் விழுந்தவுடன் திறந்த ஒலி அறுபடும்படி, சோக் குரூப் என்று ஒன்று வைக்க வேண்டும்.

தாமதம் எம்பி3-யால் வந்திருக்கலாம். அந்த வடிவத்துக்கு மாற்றும்போது தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும். வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொன்று, ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிவினாடி ஆகும், எனவே மேல் மைக்கில் அடி கொஞ்சம் பிந்தித்தான் வரும். இரண்டு மைக்கின் பதிவுகளையும் சேர்த்தே, பக்கத்து மைக்கில் அடி தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். மேல் மைக்கைத் தனியாக வெட்டி நேராக்கினால் அறையின் ஆழம் போய்விடும்.

தொகுப்பதற்கு எஸ்எஃப்ஸெட் வடிவத்தைத்தான் நான் சொல்வேன். எந்தச் சாம்பிள் எப்போது ஒலிக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு அது, நோட்பேடிலேயே எழுதலாம், ஸ்ஃபோர்ட்ஸாண்டோ போன்ற இலவச மென்பொருளில் திறக்கும். மிடி எண்களை (எந்த எண்ணுக்கு எந்த டிரம் ஒலிக்க வேண்டும் என்ற குறியீடு) வழக்கப்படியே வையுங்கள்: கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, மிதியடி 44, திறந்தது 46, கிராஷ் சிம்பல் 49, ரைட் சிம்பல் 51. சொந்தமாக ஒரு வரிசை வைத்தால் எடுத்துப் பயன்படுத்துகிறவர் தன் பழைய பாட்டில் உங்கள் செட்டைப் போட்டுப் பார்க்கவே முடியாது. எல்லா அடியையும் ஒரே உச்ச அளவுக்கு ஏற்றிவிடவும் வேண்டாம். இயல்பான அளவிலேயே விட்டால், மென்பொருள் தன் பங்குக்கும் மெதுவான அடியின் ஒலியைக் குறைக்கும், அது இரட்டைக் குறைப்பு. அந்த அமைப்பின் பெயர் ஆம்ப் வெல்ட்ராக் (amp_veltrack), இயல்பில் 100 என்று இருக்கும், அதை இறக்கிவிடுங்கள்.

கேள்வி: இலவசமாகக் கொடுத்தால் யாராவது எடுத்து விற்றுவிட மாட்டார்களா? எந்த உரிமம் போடுவது? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: "இலவசம்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எதுவும் சொல்லாவிட்டால் பதிவின் உரிமை முழுக்க உங்களுடையதுதான், எடுத்துப் பயன்படுத்துகிறவருக்குக் கையில் எந்த அனுமதியும் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற ஆயத்த உரிமங்களில் சிசி0 என்றால் எந்த நிபந்தனையும் இல்லை, சிசி பிஒய் என்றால் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். வணிகத்துக்குக் கூடாது என்ற என்சி வகை உங்கள் பயத்துக்கு மருந்துபோலத் தோன்றும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். தன் பாட்டுக் காணொளியில் நாலு வெள்ளி விளம்பரக் காசு வரும் பையன்கூட அதைத் தொடத் தயங்குவான், அவனுக்காகத்தானே இதைச் செய்கிறோம். எதைப் போட்டாலும் யோசித்துப் போடுங்கள், ஒரு தடவை கொடுத்த அனுமதியை எடுத்தவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. அடித்தவர் வேறு ஒருவர் என்றால் அவர் சம்மதமும் வேண்டும். விலைக்கு வாங்கிய தொகுப்பிலிருந்தோ சினிமாப் பாட்டிலிருந்தோ ஓர் அடியைக்கூடச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குழுவின் உருமி மேளத்தையும் இப்படிச் செய்ய முடியுமா? – வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: செய்யுங்கள், அவசியம் செய்யுங்கள்! பினாங்கில் எத்தனை கோயிலில் உருமி முழங்குகிறது, கணினியில் தேடினால் வாசிக்க ஒரு நல்ல உருமி கிடைப்பதில்லை. ஆனால் முறை வேறு. வலது பக்கத்துக் குச்சி அடியை டிரம் போலவே தனித்தனியாக எடுக்கலாம். இடது பக்கத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் ஓர் அடி அல்ல, இழுப்பு. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அதன் சுருதியே ஏறி இறங்கும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் உயிர் இருக்காது. குறுகிய இழுப்பு, நீண்ட இழுப்பு, ஏறுவது, இறங்குவது என்று முழுசு முழுசாகப் பதிவு செய்யுங்கள், கூடவே உங்கள் குழு வழக்கமாக வாசிக்கும் நடைகளை முழுச் சுற்றாகவும் எடுங்கள். காதில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) கொடுத்துக் கையைக் கட்டிப்போட வேண்டாம். இயல்பாக வாசிக்கவிட்டு, வேகத்தைப் பிறகு அளந்து கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள், வாசித்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் நடையின் பெயரையும் சேர்த்து.