புறா கொண்டுவந்த பூ

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியரும் கவிஞருமான ரொசெட்டியின் 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' ஓவியத்தின் அச்சுப்பிரதியை நண்பர் வீட்டில் பார்த்தேன். கண்களை மூடி, முகத்தை லேசாக அண்ணாந்து, மடியில் கைகளை விரித்து வைத்திருக்கும் பெண். தியானம் போலவே இருந்தது. தொழிற்சாலைப் புகைக்கு நடுவே பெண்ணைத் தெய்வ நிலைக்கு உயர்த்திய ஓவியம் என்று தோன்றியது. நீங்களோ ஒரு கூட்டத்தில் இதை 'அழகான அநியாயம்' என்றீர்கள். ஏன்?

கே.

அன்புள்ள கே.,

அந்தச் சொல் மேடைச் சூட்டில் வந்து விழுந்தது. ஆனாலும் வாபஸ் வாங்குவதாக இல்லை.

தியானம் என்று நீங்கள் சொல்வது சரிதான். ரொசெட்டியே அதைச் சாவாகக் காட்டவில்லை, பரவச நிலையாகத்தான் காட்டியிருக்கிறேன் என்று கடிதத்தில் விளக்கியிருக்கிறார். கதை, இத்தாலியக் கவி தாந்தே காதலித்த பியாட்ரிசுடைய மரணம். சூரியக் கடிகாரத்தின் நிழல் ஒன்பதில் நிற்கிறது. தாந்தே அவளோடு ஓயாமல் சேர்த்துப் பேசும் எண் அது. சிவப்புப் புறா ஒன்று வெள்ளைக் கசகசாப் பூவை அவள் கைகளில் போட வருகிறது. நம் அடுக்களைக் கசகசா காய்க்கும் செடிதான். அபின் எடுப்பதும் அதிலிருந்துதான்.

முகம் ரொசெட்டியின் மனைவி எலிசபெத் சிடாலுடையது. 1861ல் அவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில், சாராயத்தில் கரைத்த அபின் மருந்தை அளவு மீறிக் குடித்து இறந்துபோனார். ஓவியம் 1864 வாக்கில் தொடங்கி 1870 வரை நீண்டது. அவர் உயிரைக் குடித்த சரக்கையே ஒரு பறவையின் அலகில் வைத்து, அவர் அதற்காகக் கைவிரித்துக் காத்திருப்பதுபோல் வரைய ஒரு கணவனுக்கு மனம் வந்திருக்கிறது. அது பக்தியா குற்றவுணர்வா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. (மனைவியோடு சேர்த்துப் புதைத்த தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை 1869ல் கல்லறையைத் தோண்டி எடுக்கச் செய்து, அடுத்த ஆண்டே புத்தகமாக்கியவரும் இவர்தான்.)

இதே ஆள் 21 வயதில் வரைந்த இன்னொரு படத்தைத் தேடிப் பாருங்கள். 'எக்கே அன்சில்லா தோமினி'. 'இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை' என்று தமிழ் வேதாகமத்தில் மரியாள் சொல்கிறாளே, அந்த வசனம். லண்டன் டேட் கலைக்கூடத்தில் இரண்டு படங்களும் இருக்கின்றன. இதில் ஏறக்குறைய எல்லாமே வெள்ளை: சுவர், படுக்கை, உடுப்பு. இயேசுவைப் பெறப்போகிறாய் என்று மரியாளிடம் சொல்ல வந்த தேவதூதர் கபிரியேல், சிறகில்லாமல், பாதத்தைச் சுற்றித் தீ நாக்குகளோடு நின்று, ஒரு லில்லித் தண்டை நீட்டுகிறார். அதன் நுனி நேராக அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்து இருக்கிறது. அவளோ தூக்கம் கலைந்து, காலை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டியிருக்கிறாள். கண்கள் திறந்திருக்கின்றன. தேவதூதரின் முகத்தைப் பார்க்கவில்லை; அந்தப் பூவைத்தான் பார்க்கிறாள். ஒரு நல்ல செய்தியைக் கேட்ட முகமா அது? 1850ல் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதன்பின் ரொசெட்டி பொதுக் காட்சிப் பக்கமே அதிகம் போகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு தூது, ஒரு பூ, ஒரு புறா, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அமைப்பு ஒன்றுதான். மரியாள் படத்தில் வெள்ளைப் புறா, உயிரின் செய்தி. பியாட்ரிஸ் படத்தில் சிவப்புப் புறா, சாவின் செய்தி. வித்தியாசம் எங்கே என்றால், மரியாளுக்குத் தன்மேல் ஒரு சின்னம் ஏற்றப்படுவது தெரிகிறது, அவள் பயப்படுகிறாள். அந்தப் பயத்தில்தான் எனக்கு ஆன்மிகம் தட்டுப்படுகிறது. பியாட்ரிசுக்கு எதுவும் தெரியாது. சின்னங்கள் எல்லாம் நமக்காக அவளைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் தெய்வ நிலை என்பதை நான் அநியாயம் என்பது இதனால்தான்.

மரியாளுக்கு மாடலாக இருந்தது ரொசெட்டியின் தங்கை கிறிஸ்டினா. அவரே பெரிய கவிஞர். அண்ணனின் ஓவிய அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிடாலின் முகமே இருப்பதைப் பார்த்து, 1856ல் ஒரு கவிதை எழுதினார். அவள் இருக்கிறபடி அங்கே இல்லை, அவன் கனவுக்குத் தோதாக இருக்கிறாள் என்று முடியும். உயிரோடு இருந்தவரை அவர் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. படுக்கையில் ஒண்டி உட்கார்ந்தவளுக்கு அடுத்தவளின் நிலைமை நன்றாகவே புரிந்திருக்கிறது.

இன்னொன்று. சிடாலும் ஓவியர்தான். விமர்சகர் ரஸ்கின் அவர் படங்களுக்காக ஆண்டுக்கு 150 பவுண்டு கொடுக்க முன்வந்தார். 1853-54ல் சிடால் வரைந்த தற்சித்திரம் ஒன்று இருக்கிறது. சிறிய வட்டப் படம். கருத்த உடை, பச்சைப் பின்னணி, வாரிக் கட்டிய செம்பட்டை முடி, கனத்த இமைகள், கொஞ்சம் களைப்பு. பூவும் இல்லை, புறாவும் இல்லை. நண்பர் வீட்டு அச்சுப்பிரதிக்குப் பக்கத்தில் அதையும் மாட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஆள் என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.