வெல்டிங்கை மறைத்த பவுடர் கோட்டிங்: உடைந்த அலாய் வீலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: என்னிடம் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. உள்ளது. அதில் வந்த 14 அங்குல ஸ்டீல் வீலை எடுத்துவிட்டு, கோவையில் ஒரு கடையில் 16 அங்குல அலாய் வீலும் 195/55 ஆர்16 டயரும் போட்டேன். மொத்தம் 72,000 ரூபாய், ஜிபேயில் கட்டினேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு மட்டுமே தந்தார்கள். ஏழாவது மாதம் ஒரு குழியில் இறங்கி முன்பக்க வீல் வளைந்தது. அதே கடையில் நிமிர்த்தி, பவுடர் கோட்டிங் அடித்துப் புதிது போலத் தந்தார்கள். மூன்று வாரத்தில் அவினாசி சாலையில் போகும்போது அந்த வீல் பிளந்து, கார் மீடியனில் மோதியது. யாருக்கும் காயம் இல்லை. கார் ரிப்பேருக்கு 1,40,000 ரூபாய் ஆனது. உடைந்த இடத்தில் வெல்டிங் அடித்த தடம் தெரிகிறது. கடைக்காரர் ரோட்டைக் குறை சொல்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி, "அனுமதியில்லாத மாற்றம்" என்று கிளெய்மை நிராகரித்துவிட்டது. என்ன செய்வது?
– திருப்பூர் வாசகர்

பதில்: முதல் வேலையாக அந்த உடைந்த வீலைப் பத்திரப்படுத்துங்கள். கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம், கடைக்காரர் "பார்த்துட்டுத் தர்றேன்" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஒரு சாக்கில் சுற்றி வீட்டில் வையுங்கள். இப்படி நல்ல வழக்குகள் பல, உடைந்த பாகம் காயலான் கடைக்குப் போனதால் மட்டுமே தோற்றிருக்கின்றன.

உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில், மிக அருகில் வைத்துப் படம் எடுங்கள். புதிதாக உடைந்த பகுதி பளிச்சென்ற சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். பழைய விரிசல் கறுத்து, அழுக்கேறி இருக்கும். விரிசலின் விளிம்புக்குள் பவுடர் பெயின்ட் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால், பெயின்ட் அடிக்கும்போதே விரிசல் இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. ரோடு சரியில்லை என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகும்.

கடைக்காரர் செய்தது வெறும் மட்டமான வேலை அல்ல. அலாய் வீல் வார்த்த பிறகு பலம் ஏறுவதற்காகச் சூட்டுப் பதம் கொடுக்கப்பட்டது. விரிசலில் வெல்டிங் அடித்தால் அந்த இடத்தைச் சுற்றிலும் பதம் போய்விடும். அதன் மேல் பெயின்ட் பூசி, ஒரு வார்த்தை சொல்லாமல் முன் சக்கரத்தில் மாட்டி அனுப்புவது உயிரோடு விளையாடுவது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), கவனக்குறைவால் நஷ்டம் ஏற்படுத்துவதையும், தெரிந்தே தகவலை மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு இந்த இரண்டாவது பகுதிதான். வெல்டிங் அடிப்பதைச் சொல்லியிருந்தால் நீங்கள் அந்த வீலை மாட்டியிருக்க மாட்டீர்கள் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். பில் தர மறுப்பதே பிரிவு 2(47)-இன் கீழ் முறையற்ற வணிக நடைமுறை. எஸ்டிமேட் சீட்டு, ஜிபே பதிவு, வங்கி ஸ்டேட்மென்ட், கடையோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் போதும். வாட்ஸ்அப் பிரதிகளோடு, பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63-இல் சொல்லியிருக்கும் சான்றிதழையும் இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பு அதைக் கிளறாது.

வழக்குக்காகக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனால் கடைக்காரர் எழுதும் பதில் பிற்பாடு நமக்குத்தான் உதவும். புகாரோடு, நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் வீலை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி ஒரு மனுவும் போடுங்கள். அதற்காகவே சொல்கிறேன், நீங்களாக எந்தப் பட்டறையிலும் அதை வெட்டிப் பார்க்காதீர்கள். ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

வீல் தயாரித்த கம்பெனியையும் சேர்க்கலாமா என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். பொருளில் பிற்பாடு மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அதே சட்டத்தின் பிரிவு 87 விற்பனையாளருக்குக் கைகொடுக்கும்; தானே விற்கும் தயாரிப்பாளரும் அதில் அடக்கம். வார்ப்பிலேயே குறை என்று ஆய்வகம் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி இன்சூரன்ஸ். இங்கே உங்கள் பக்கம் ஒரு பலவீனம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே வாசித்தது. பிரிவு 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழியிருக்கிறது. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே தரும் அளவு 14 அல்லது 15 அங்குலம். 16 அதற்கு வெளியே போகிறது. இதைப் புகாரில் மறைக்காதீர்கள்.

ஆனால் மாற்றம் செய்தார் என்பதற்காக மட்டும் முழுக் கிளெய்மையும் தள்ளுவது சரியல்ல. விபத்துக்கும் அந்த மீறலுக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி. பி.வி. நாகராஜு வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் பார்த்தது. அமலேந்து சாகூ வழக்கில் (2010), பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தும் 75 சதவீதம் தரச் சொன்னது. உங்கள் கணக்கைப் பாருங்கள். பழைய 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர், புதிய 195/55 ஆர்16 டயரின் உயரம் 620.9. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. சுமை எண்ணும் வழக்கமாக முன்னதில் 85, பின்னதில் 87. அதாவது தாங்கும் எடை குறையவில்லை. வீல் உடைந்தது அளவால் அல்ல, வெல்டிங்கால். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, இந்த வாதத்தோடு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதே விஷயத்தை ஆணையத்திலும் போட்டால் அவர் எடுக்க மாட்டார். ஆகவே கடைக்காரரை ஆணையத்திலும், கம்பெனியைக் குறைதீர்ப்பாளரிடமும் தனித்தனியே நடத்துங்கள்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வையுங்கள். பாலிசியில் காட்டாத அலாய் வீலுக்குப் பணம் வராது. பாகம் தானாக உடைவதும் பாலிசிக்கு வெளியேதான். மீடியனில் மோதியதால் பம்பர், சஸ்பென்ஷன் முதலியவற்றுக்கு ஆன செலவைத்தான் கேட்க முடியும். டயருக்குப் பாதி கிடைக்கும். ஒரே நஷ்டத்தை இரண்டு இடத்திலும் வசூலிக்க முடியாது. கம்பெனி தரும் தொகை போக மீதியும், வீல் விலையும், மன உளைச்சலுக்கான இழப்பீடும் கடைக்காரரிடம்.

மீதி மூன்று வீல்களையும் உடனே கழற்றிவிடுங்கள். அதே கடை அவற்றையும் தொட்டிருக்கலாம். அடுத்து அலாய்தான் வேண்டும் என்றால் 185/65 ஆர்15 அளவில் போடுங்கள். உங்கள் மாடலின் உயர் வகைகளில் வருவது அதுதான். வீலின் பின்பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதிகபட்ச சுமை, ஆஃப்செட் எண் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்பது) ஆகியவை வார்ப்பிலேயே பதிந்திருக்க வேண்டும், ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்விஃப்டுக்கு போல்ட் வட்டம் 4x100, நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். ஓட்டை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் (அந்த இடைவெளியை அடைக்கும் வளையம்) போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். மாற்றியதும் பில்லின் நகலோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பி, பாலிசியில் அக்சஸரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி ரீஃபினிஷிங்குக்குக் கொடுக்கும்போது, பழைய பெயின்டை முழுக்க எடுத்தபின், புதுக் கோட்டிங்குக்கு முன் சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். ஜாப் கார்டில் "விரிசல் இருந்தால் வெல்டிங் செய்யக் கூடாது, தெரிவிக்க வேண்டும்" என்று எழுதிக் கடைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வீலை விடாதீர்கள்.