அரண்மனைக் காதல் எழுதுகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சீன அரண்மனையில் நடக்கும் மென்மையான காதல் தொடர் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். எந்த வம்சம் என்று சொல்லாமல் ‘பழங்காலச் சீனா’ என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டால் இரண்டாவது அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். நாயகி தேநீர் கொண்டுவருகிறாள் என்று வையுங்கள். தாங் காலம் (618–907) என்றால் தேயிலைக் கட்டியை வாட்டிப் பொடித்து, கொதிக்கும் நீரில் ஒரு சிட்டிகை உப்போடு போட்டுக் காய்ச்ச வேண்டும். மிங் காலத்துக்கு (1368–1644) உதிரித் தேயிலையில் வெந்நீர் ஊற்றினால் போதும்; அரண்மனைக்குக் கட்டித் தேயிலை காணிக்கை அனுப்பும் வழக்கத்தை 1391-இல் ஹொங்வூ பேரரசர் நிறுத்திவிட்டார். உட்காருவதும் அப்படித்தான். தாங் காலத்தில் பாயும் தாழ்வான மேடையும்தான் அதிகம். நாற்காலி வீடுதோறும் வந்தது சோங் காலத்தில் (960–1279). பெய்ஜிங் அரண்மனை கட்டி முடிந்ததே 1420-இல், ஆகவே தாங் கதை அக்காலத் தலைநகரான சாங்கானில் நடக்கட்டும். அந்தச் சமையலறையில் மிளகாய் மணக்கவும் கூடாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல நூற்றாண்டு கழித்து வந்தது.

கற்பனை நாடு என்று வைத்துக்கொள்வது தவறில்லை. அப்போதும் உடை, இருக்கை, உணவு மூன்றையும் ஒரே வம்சத்திலிருந்து எடுங்கள். குதிரையேறிப் பந்தாடும் துடுக்கான நாயகி வேண்டுமென்றால் தாங். விதிகளுக்குள் அடங்கிய ஏக்கம் வேண்டுமென்றால் சிங் (1644–1912).

கேள்வி: என் நாயகி சிங் அரண்மனைப் பணிப்பெண், நாயகன் இளவரசன். இருவரும் இயல்பாகச் சந்திக்க வழி என்ன?

பதில்: முதலில் அவள் எப்படி உள்ளே வந்தாள் என்பதை முடிவுசெய்யுங்கள். பெண்கள் உள்ளே வர இரண்டு தேர்வுகள் இருந்தன. பல தொடர்கள் இவற்றைக் குழப்பிவிடுகின்றன. சிங் அரசின் ‘எட்டுக் கொடி’ எனப்பட்ட படைப்பிரிவுகளின் குடும்பங்களிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெண் பார்த்தார்கள். அதில் தேர்வானவர்கள் பேரரசருக்கு மட்டுமல்ல, இளவரசர்களுக்கும் அரச குலத்தாருக்கும் மனைவியாகலாம். பணிப்பெண்களைத் தேர்வது வேறு: அரச இல்லத்துக்கு ஊழியம் செய்த குடும்பங்களின் பெண்களிலிருந்து ஆண்டுதோறும். உங்கள் நாயகி இரண்டாம் வகை. 13 வயதுவாக்கில் வருவாள், வழக்கப்படி 25 வயதில் வெளியே அனுப்பப்படுவாள். இந்தக் கெடு கதைக்குக் கிடைத்த பொக்கிஷம். அவளுக்கு 24 நடக்கும்போது கதையைத் தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் கனக்கும்.

வளர்ந்து மணமான இளவரசன் பெரும்பாலும் தனி மாளிகையில் இருப்பான். தாயாருக்கு வணக்கம் சொல்ல வருவான். அந்தத் தாயாரிடமே அவளை வேலைக்கு வையுங்கள். கதவுத் திரையைத் தூக்கிப் பிடிப்பது அவள் வேலை, தலை நிமிரக் கூடாது. எனவே பல நாள் அவளுக்குத் தெரிவது அவன் காலணி மட்டுமே. ஒருநாள் அந்தக் காலணி வாசலில் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது. இதை எழுதினால் போதும், நந்தவனத்தில் தடுக்கி விழுந்து அவன் கையில் சாய வேண்டியதில்லை. இரவில் அவன் பெண்கள் பகுதியில் உலாவுவதாக மட்டும் எழுதாதீர்கள். இருட்டிய பின் அங்கே பேரரசரையும் ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களையும் தவிர வேறு ஆண் தங்க முடியாது.

கேள்வி: பேரரசரே நாயகன். பல மனைவியர் இருக்கும்போது காதல் எப்படி இனிக்கும்?

பதில்: சிங் வரிசைப்படி பேரரசி ஒருவர், அவருக்கு அடுத்த நிலையில் ஒருவர், பிறகு இரண்டு, நான்கு, ஆறு, அதற்குக் கீழே எண்ணிக்கை வரம்பில்லை. இதை மறைத்தால் வாசகர் நம்ப மாட்டார். ஆனால் வரலாற்றிலேயே வழி இருக்கிறது. மிங் வம்சத்து ஹொங்ஜி பேரரசர் (ஆட்சி 1487–1505) பேரரசி சாங் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தார். அவரை முன்மாதிரியாகக் கொண்ட நாயகனை யாரும் குறைசொல்ல முடியாது.

இல்லையென்றால், சிறு பொருளில் அன்பைக் காட்டுங்கள். சிங் அரச குலத்தாரான மஞ்சூ இனத்தின் முன்னோர் தங்க இழைக்குப் பதிலாக மான்வால் மயிரால் உடை விளிம்பை அலங்கரித்ததாகச் சிங் வம்சத்துச் சியான்லோங் பேரரசர் ஒருமுறை சொல்ல, பேரரசி ஃபூச்சா அதே மயிரால் ஒரு சிறு பை செய்து தந்தார். 1748-இல் பயணத்தின்போது அவர் இறந்துபோனார். பேரரசர் அந்தப் பையைக் கவிதையில் நினைத்து வருந்தினார். அவர் சொன்னதை அவள் காதில் வாங்கி வைத்திருந்தாள் என்பதுதான் அங்கே காதல். வைரமும் பட்டும் குவித்தால் இது வராது.

கேள்வி: உரையாடலில் எப்படி அழைப்பது? ‘சியான்லோங்’ என்று நாயகி கூப்பிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அது ஆட்சிக்காலத்தின் பெயர். பேரரசிக்கு இறப்புக்குப் பின் தரப்பட்ட பட்டத்தை உயிரோடிருக்கும்போது உபயோகிப்பதும் இதே வகைத் தவறு. ‘மாமன்னரே’, ‘பேரரசே’ போதும்; ‘நாதா’, ‘அத்தான்’ வேண்டாம்.

இங்கே தமிழ் ஒரு அருமையான கருவியைத் தருகிறது. சீனப் பேரரசர் தன்னைச் சுட்டத் தனிச்சொல் ஒன்றை வைத்திருந்தார், பிறர் அதைப் பயன்படுத்த முடியாது. அதை ‘நாம்’ என்று எழுதுங்கள். இருபது அத்தியாயம் ‘நாம் உத்தரவிடுகிறோம்’ என்றே பேசியவர், விளக்கு அணையும் நேரத்தில் அவளிடம், “எனக்குத் தூக்கம் வரவில்லை” என்று சொல்லட்டும். அந்த ‘எனக்கு’ ஒன்றே காதல் வாக்குமூலம். அவள் அதைக் கவனிக்காததுபோல் எழுதாமல், கையிலிருந்த கிண்ணத்தை அவள் கீழே வைக்கச் செய்யுங்கள். அதற்கு முன் எங்கும் அவர் வாய் தவறி ‘நான்’ என்று வந்துவிடாமல் கையெழுத்துப் பிரதி முழுவதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: ‘பத்து நிமிடம்’ என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். ஒரு நாளுக்கு 12 பொழுதுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதற்பொழுது இரவு 11 மணிக்கு ஆரம்பம். குறுகிய நேரத்துக்கு ‘ஒரு ஊதுபத்தி எரியும் நேரம்’, ‘ஒரு கிண்ணம் தேநீர் குடிக்கும் நேரம்’.

கேள்வி: விஷம், சதி, கடத்தல் எதுவும் பிடிக்கவில்லை. திருமணத்தைத் தள்ளிப்போட வேறு தடை உண்டா?

பதில்: துக்கம் காப்பதைவிட நல்ல தடை கிடையாது. பெற்றோர் இறந்தால் மூன்றாண்டுத் துக்கம், கணக்கில் 27 மாதம். அதற்குள் மணம் செய்வது சட்டப்படி குற்றம். வில்லன் தேவையில்லை, யார் மீதும் பழி விழாது. நிச்சயமான பிறகு அவள் தந்தை இறக்கட்டும். 27 மாதமும் வெள்ளை உடை, கடிதம் மட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் பருவம் மாறட்டும்: முதலில் பனி, பிறகு பிளம் பூ, பிறகு தாமரை. கடைசிக் கடிதத்தில் அவள் எதையும் எழுதாமல் சீனர்களுக்கு மணப் பிணைப்பின் அடையாளமான ஒரு சிவப்பு நூலை மட்டும் மடித்து வைத்து அனுப்பட்டும்.