உளவியல் படித்த மகள் நடத்தைப் பொருளியலில் முதுகலை சேரலாமா?

பினாங்கிலிருந்து எழுதியிருக்கும் தாயாருக்கு,

உளவியல் பட்டம் முடித்த மகள் நடத்தைப் பொருளியலில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள், பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் வேலை வாங்கித் தருவது சான்றிதழில் இருக்கும் துறைப் பெயரல்ல, தரவைக் கையாளும் திறமை. ‘நடத்தைப் பொருளியலாளர் தேவை’ என்று இங்கே விளம்பரம் வருவது அபூர்வம். வங்கி, காப்புறுதி, சந்தை ஆய்வு நிறுவனங்களில் தரவு ஆய்வாளர், பயனர் ஆய்வாளர் என்ற பெயர்களில்தான் தேட வேண்டும்.

மனிதர்கள் பண விஷயங்களில் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்வதுதான் நடத்தைப் பொருளியல். அதை உங்கள் சம்பளச் சீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். 2020 ஏப்ரலில் தொழிலாளரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 7-க்குத் தானாகவே இறங்கியது. பழையபடி 11 பிடிக்கச் சொன்னவர்கள் தனிப் பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. சும்மா இருப்பவருக்கு எது நடக்கும்படி ஏற்பாடு செய்கிறோம், அதனால் சேமிப்பு எவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றத்தை எப்படி அளப்பது? இந்தத் துறைக்கு ஆற்றிய பங்களிப்புக்காகவே அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அளக்கும் வேலையில்தான் பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள். உங்கள் மகளுக்கு மனித மனம் பற்றிய பாடங்கள் சுலபமாக வரும். நுண்பொருளியல், ஆட்டக் கோட்பாடு (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைமைகளின் கணிதம்), பொருளியல் அளவியல் (பொருளியல் தரவுக்கான புள்ளியியல்) மூன்றும் திணறடிக்கும். எஸ்டிபிஎம்மில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வில்) கணிதம் எடுக்கவில்லையென்றால் வகுப்பு தொடங்குமுன் மூன்று, நான்கு மாதம் ஒதுக்கி நுண்கணிதம், நிகழ்தகவு, ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை), ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் ஆகியவற்றைப் படிக்கட்டும்.

அடுத்த கண்டம் ஆய்வேடு. நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் கட்டணம் கட்டுவோர் 50 விழுக்காட்டிலிருந்து 55 ஆவார்களா என்று சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி, இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகத் தவறாகச் சொல்லும் வாய்ப்பு 5 விழுக்காடாகவும், இருக்கும் வித்தியாசத்தைக் கண்டறியும் வாய்ப்பு 80 விழுக்காடாகவும் இருக்க வேண்டுமானால், செய்தி பெறும் குழுவில் சுமார் 1,560 பேர், பெறாத குழுவில் அதே அளவு பேர் தேவை. வாட்ஸ்அப்பில் அறுபது தோழிகளுக்குக் கூகுள் பாரம் அனுப்பினால் உண்மையான வித்தியாசம்கூடக் கண்ணில் படாது. அதனால் தரவு தரக்கூடிய நிறுவனத்திடம் முதல் பருவத்திலேயே பேசிவிட வேண்டும். பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதி வருமுன் ஒரு பதில்கூட வாங்கக் கூடாது.

படிவத்தின் தலைப்பிலேயே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று சொன்ன 2012 ஆய்வு, தரவு புனையப்பட்டது தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய தோல்விகளை வகுப்பில் திறந்து பேசுகிறார்களா, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறார்களா என்று மகள் தயங்காமல் கேட்கலாம்.

எங்கே படிப்பது? பினாங்கிலேயே இருக்க வேண்டுமானால் குளுகோரில் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), கோலாலம்பூர் என்றால் மலாயாப் பல்கலைக்கழகம். இதே பெயரில் முதுகலை தேடி அலைய வேண்டாம். பொருளியல் முதுகலையில் சேர்ந்து ஆய்வேட்டை இந்தத் துறையில் எழுதலாம். விண்ணப்பிக்குமுன் சோதனைமுறை ஆய்வு நடத்தும் விரிவுரையாளர் ஒருவரையாவது கண்டுபிடித்து, அவருக்கு ஒரு பக்கத் திட்டம் அனுப்பட்டும். அப்படி யாரும் இல்லாத துறையில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டத்தில் சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) பொதுவாக 2.50-க்குக் குறையக் கூடாது. இங்கிலாந்து என்றால் நாட்டிங்காம், வார்விக் இரண்டையும் பார்க்கலாம். வார்விக்கில் பொருளியல் படிக்காதவர்களுக்கென அறிவியல் தடம் தனியே உண்டு.

பணத்துக்கு, பிள்ளையின் உயர்கல்விக்காக உங்கள் இபிஎஃப் செஜாத்தரா (Sejahtera) கணக்கிலிருந்து எடுக்க வழியிருக்கிறது. ஆனால் புதுச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அந்தக் கணக்குக்குப் போகிறது, வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் அதையே நம்பியிருப்பீர்கள். பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். அதனால் மகள் முதலில் தரவு சார்ந்த வேலையில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போவதே நல்லது. அந்த இடைவெளியில் கணிதத்தையும் சரிசெய்துகொள்ளலாம்.