மூச்சுக் காற்றை ஆராயும் படிப்பு: மகளை அனுப்பலாமா?

கெமிஸ்ட்ரி கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகள், ஆரோக்கியமானவர்கள் வெளிவிடும் மூச்சில் என்னென்ன இருக்கிறது என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள், இதை நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். என்ன பட்டத்துக்கு அனுப்புகிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

நோயாளிகளை விட்டுவிட்டு நன்றாக இருப்பவர்களின் மூச்சை ஏன் ஆராய வேண்டும் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. வெளிவரும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆக்ஸிஜன் சுமார் 16 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதத்தை ஒட்டி, அப்புறம் நீராவி. இவை போக, மிகமிகச் சிறிய அளவில் நூற்றுக்கணக்கான பொருட்கள் உண்டு. 1971-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் சுமார் 250 பொருட்களின் தடயத்தைக் கண்டார்கள். தொல்லை என்னவென்றால், ஒரே ஆளிடம்கூட இவை ஒரே அளவில் நிற்பதில்லை. பட்டினி கிடந்தால் அசிட்டோன் ஏறும். உடற்பயிற்சி தொடங்கியதுமே ஐசோப்ரீன் எகிறும். குடல் நுண்ணுயிர்களைப் பொறுத்து சிலர் மூச்சில் மீத்தேன் வரும், பலருக்கு வராது. போதாததற்கு, அறையைத் துடைத்த திரவத்தின் ஆவியும் மாதிரியில் ஏறிக்கொள்ளும். இயல்பான மூச்சு எது என்று தெரியாமல் நோயாளியின் மூச்சில் எதைத் தேடுவது? அந்த அடிப்படை வேலையைத்தான் உங்கள் மகள் செய்ய விரும்புகிறாள்.

வேலைவாய்ப்பு? ஆஸ்துமாவுக்கு நைட்ரிக் ஆக்சைடு அளவு, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுப் பாக்டீரியாவுக்கு யூரியா மூச்சுப் பரிசோதனை என்று சிலதான் மருத்துவமனைகளில் நிலைத்திருக்கின்றன. ஊதினாலே புற்றுநோய் தெரியும் என்ற செய்திகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது வழக்கமான பரிசோதனையாக இன்னும் வரவில்லை. 'மூச்சு ஆய்வாளர்' என்று விளம்பரம் வருவது அபூர்வம்.

அதனால் பகுப்பாய்வு வேதியியலில் முதுகலை சேரச் சொல்லுங்கள். கலவையிலுள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராபி, பிரிந்ததை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இரண்டும் கை பழக வேண்டும். இதே கருவிகள்தான் மருந்து, உணவு, தடயவியல், சுற்றுச்சூழல் ஆய்வகங்களிலும் ஓடுகின்றன. கூடவே புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்திருக்கட்டும். ஒரு மூச்சு மாதிரிக்கே கருவி வரையும் வரைபடத்தில் நூற்றுக்கணக்கான உச்சங்கள் (பொருட்களைக் காட்டும் மேடுகள்) வரும்போது கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

சேர்வதற்கு முன் துறையில் ஒன்று கேளுங்கள்: கருவி ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுவார்களா? பல இடங்களில் ஆபரேட்டர் மட்டும்தான் தொடுவார். சொந்தமாக ஆராய முனைவர் பட்டம் தேவைப்படும், அதற்குச் சில வருடம் பிடிக்கும். பணம் இடித்தால் முதுகலை முடித்து ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுப் போகலாம். அந்த அனுபவத்தை முனைவர் பட்ட வழிகாட்டிகள் விரும்பவே செய்வார்கள்.